அடிபட்ட ஆந்தை கையில கிடைச்சா என்ன பண்ணனும்? அடிக்கடி வர்ற கேள்விகளும் எங்க பதில்களும்

செங்கல்பட்டு பக்கம் ஒரு சின்ன சென்டர்ல பருந்து, வல்லூறு, ஆந்தை இதுங்களுக்கு மட்டும் வைத்தியம் பாத்து திரும்ப காட்டுக்கோ ஊருக்கோ விடுற வேலையில இருக்கேன். வனத்துறை அனுமதியோட நடக்குற இடம். வர்ற போன்ல பாதிக்கு மேல ஆந்தையப் பத்திதான், அதுலயும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விங்கதான் வரும், ராத்திரி பதினோரு மணிக்கு பதட்டத்தோட கேப்பாங்க, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிடுறேன்.

கேள்வி: வாசல்ல ஒரு ஆந்தை உக்காந்திருக்கு, பறக்கவே மாட்டேங்குது. மொதல்ல என்ன செய்யணும்?

மொதல்ல தள்ளி நின்னு பாருங்க. சுத்தி காக்கா கத்திட்டு இருக்கா, நாய் பூனை இருக்கான்னு பாருங்க. பகல்ல கூகையை (வெளுத்த, இதய வடிவ மூஞ்சி இருக்குற ஆந்தை) காக்கா ஜெயிச்சிடும்னு ஸ்கூல்ல படிச்சது அப்படியே உண்மைதான், காக்கா தொரத்தி தொரத்தி தரையில இறக்கி விட்ட ஆந்தைங்க எங்ககிட்ட நெறைய வரும், அதுல பலதுக்கு அடி ஒண்ணும் இருக்காது, இருட்டுற வரைக்கும் ஒரு பெட்டியில பத்திரமா இருந்தா சாயங்காலம் தானா கிளம்பிடும்.

ரத்தம் இருந்தா, ஒரு றெக்கை மட்டும் தொங்குனா, ஒரு கண்ணு பெருசாவும் ஒண்ணு சின்னதாவும் தெரிஞ்சா, நீங்க கிட்ட போயும் அது அசையலைன்னா அப்போ எடுக்கணும். ஒரு பெரிய துண்டை மெதுவா மேல போட்டு தலையோட மூடிடுங்க, இருட்டானதும் பாதி பயம் அடங்கிடும். றெக்கை ரெண்டையும் உடம்போட சேத்து பிடிச்சு தூக்கி அட்டைப்பெட்டியில வைங்க. பயப்பட வேண்டியது மூக்குக்கு இல்ல, கால் நகத்துக்கு. கூகை கால்ல ஒரு நகம் உள்ள போச்சுன்னா அது இறுக்கிப் பிடிக்குமே தவிர விடாது, இழுக்க இழுக்க இன்னும் இறுக்கும். அப்படி மாட்டிக்கிட்டா இழுக்காம காலை மெதுவா நேரா நீட்டி விடுங்க, பிடி தளரும்.

பெட்டிக்கு அடியில பழைய துணி, பக்கவாட்டுல பென்சில் மொத்தத்துக்கு ஓட்டை, மூடி போட்டு டேப். கம்பிக் கூண்டு மட்டும் வேண்டவே வேண்டாம், கம்பியில அடிச்சுக்கிட்டு இறகு நுனியெல்லாம் ஒடஞ்சு போயிடும், காயம் பத்து நாள்ல ஆறினாலும் அந்த இறகு உதிர்ந்து புதுசா முளைக்கிற வரைக்கும் மாசக்கணக்குல அது எங்ககூட கெடக்கணும்.

கேள்வி: தண்ணி குடுக்கலாமா? பால்? ஏதாவது சாப்பிடக் குடுக்கணுமே?

எதுவும் குடுக்காதீங்க. இது ஒண்ணை மட்டும் படிச்சிட்டு மீதியை விட்டாலும் பரவாயில்ல.

காரணம் சொல்றேன். ஆந்தை வாயைத் தெறந்து பாத்தா நாக்குக்குப் பின்னாடியே மூச்சுக்குழல் ஓட்டை தெரியும். நீங்க சிரிஞ்சுல தண்ணி விட்டீங்கன்னா அது நேரா நுரையீரலுக்குப் போக எல்லா வாய்ப்பும் இருக்கு. ரெண்டு மூணு நாள் கழிச்சு நிமோனியாவுல சாகும், றெக்கை முறிவு நல்லா கூடி வந்துக்கிட்டிருக்கும்போதே சாகும். ஆந்தைக்கு வேண்டிய தண்ணி பெரும்பாலும் அது திங்கிற எலி உடம்புலயே இருக்கு.

பால், பிரெட், சோறு, பருப்பு, ஊற வெச்ச பிஸ்கட், இது எதையும் அதால செரிக்க முடியாது. போன வருஷம் ஒரு குடும்பம் ஒரு புள்ளி ஆந்தைக் குஞ்சை நாலு நாள் பாலும் பிரெட்டும் குடுத்து வளத்துட்டு கொண்டு வந்தாங்க, ரொம்ப நல்ல மனசு, அந்தம்மா ராத்திரி முழிச்சு முழிச்சு ஊட்டியிருக்காங்க. குஞ்சோட நெஞ்செலும்பை தொட்டுப் பாத்தேன், கத்தி மாதிரி நீட்டிக்கிட்டு இருந்துச்சு, ரெண்டு பக்கமும் சதையே இல்ல. வயிறு நெறைய இருந்தும் பட்டினி. அன்னிக்கி ராத்திரியே போயிடுச்சு. அந்தம்மா போன்ல அழுதது இன்னும் காதுல இருக்கு, அவங்களுக்கு யாராவது முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்.

கறி குடுக்கலாமான்னா, அதுவும் வேண்டாம். பல நாள் பட்டினி கெடந்த பறவைக்கு திடீர்னு முழு சாப்பாடு குடுத்தா ரத்தத்துல உப்புச்சத்தெல்லாம் தாறுமாறாகி அதுவே உயிரை எடுத்துடும். சூடு, அப்புறம் ட்ரிப்ஸ், அப்புறம்தான் சாப்பாடு, இந்த வரிசை மாறக்கூடாது. ஆந்தை உடம்பு சூடே 40 டிகிரி பக்கம் இருக்கும், அதனால சில்லுன்னு இருக்குற பறவைக்கு எதை ஊட்டினாலும் உள்ள ஜீரணம் நடக்காது. ஒரு பாட்டில்ல வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி துணி சுத்தி பெட்டியில ஒரு ஓரமா வைங்க, அது போதும்.

கேள்வி: எங்க கொண்டு போறது? யாருக்கு போன் பண்றது?

உங்க ஏரியா வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ்தான் முதல் இடம். சென்னையில இருந்தா கிண்டியில வனத்துறை இருக்கு, ப்ளூ கிராஸ் இருக்கு, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. வேற ஊர்னா பக்கத்து அரசு கால்நடை ஆஸ்பத்திரியில காட்டி வனத்துறைக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்க. எடுத்த இடம், எடுத்த நேரம், ரெண்டையும் ஒரு சீட்டுல எழுதி பெட்டி மேல ஒட்டிடுங்க. கடைசியில திரும்ப விடும்போது அந்தச் சீட்டுதான் எங்களுக்கு வேணும்.

கேள்வி: குஞ்சு கீழ விழுந்து கெடக்கு. எடுத்துட்டு வரட்டா?

பிப்ரவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் இந்த ஒரு கேள்விதான் வரும். பெரும்பாலும் பதில், எடுத்துட்டு வராதீங்க.

புள்ளி ஆந்தைக் குஞ்சு நல்லா பறக்க வர்றதுக்கு முன்னாடியே பொந்தை விட்டு வெளிய வந்து கெளையில தத்தித் தத்தி நடக்கும், அந்த வயசுல கீழ விழுறது சகஜம், அம்மா அப்பா ரெண்டும் பக்கத்து மரத்துலதான் இருக்கும், பகல்ல உங்க கண்ணுக்குத் தெரியாது அவ்வளவுதான். குஞ்சு முழிப்பா இருந்து, உடம்புல அடி இல்லாம இருந்தா அதே மரத்துல கைக்கு எட்டுற உயரமான கெளையில உக்கார வெச்சிடுங்க. ரொம்பச் சின்னது, வெறும் வெள்ளைப் பஞ்சு மாதிரி இருக்குன்னா, ஒரு பழைய பக்கெட்டோ மூங்கில் கூடையோ எடுத்து அடியில தண்ணி வடிய ஓட்டை போட்டு, காஞ்ச எலை போட்டு, பொந்துக்கு எவ்வளவு பக்கத்துல முடியுமோ அவ்வளவு பக்கத்துல கட்டி அதுல வைங்க. இருட்டினதும் குஞ்சு சத்தம் குடுக்கும், தாய் வந்துடும். தூரமா மறைஞ்சு நின்னு பாருங்க. ரெண்டு ராத்திரி வரலைன்னாதான், இல்ல முதல் ராத்திரியே குஞ்சு தளர்ந்து போச்சுன்னாதான் எங்க வேலை.

மனுசக் கை பட்டா தாய் சேத்துக்காதுன்னு சொல்றது உண்மையில்ல. தைரியமா தூக்கி வைங்க.

கூகைக் குஞ்சு கதை கொஞ்சம் வேற. மொட்டை மாடி தண்ணி டேங்க் அடியில, அபார்ட்மென்ட் ஷாஃப்ட்ல, பழைய கோயில் கோபுரத்துல எல்லாம் இருக்கும். கூகை ஒரே நாள்ல எல்லா முட்டையும் பொரிக்காது, ரெண்டு மூணு நாள் இடைவெளி விட்டு ஒண்ணொண்ணா பொரியும், அதனால ஒரே கூட்டுல ஒண்ணு பெருசா மூஞ்சி விரிஞ்சும் ஒண்ணு கோழிக்குஞ்சு சைஸ்லயும் நிக்கும். 2017ல விசாகப்பட்டினத்துல ஒரு கட்டடத்துல நின்ன கூகைக் குஞ்சுங்களை வேற்றுகிரகவாசின்னு சொல்லி வீடியோ பரவுச்சே, அதுங்க பாவம் அம்மா எலியோட வருமான்னு காத்துக்கிட்டு நின்ன குஞ்சுங்க. ஏறக்குறைய ரெண்டு மாசத்துல பறந்துடும். ஷாஃப்ட்ல நாத்தம் வருது, ராத்திரி உஸ்ஸுன்னு சத்தம் வருதுன்னு கூட்டைக் கலைக்கச் சொல்லி கேக்குறவங்ககிட்ட நான் கேக்குறது அந்த ரெண்டு மாசம்தான். கிளம்பினதும் கழுவிட்டு வலை போட்டுக்கோங்க.

கேள்வி: கழுத்து முழுசா பின்னாடி திரும்பி இருக்கு, முறிஞ்சிருச்சா?

இல்ல. ஆந்தையோட கண்ணு உருண்டையா இல்லாம குழாய் மாதிரி இருக்கும், குழிக்குள்ள உருட்ட முடியாது, அதுக்குப் பதிலாதான் கழுத்து. நமக்கு கழுத்துல 7 எலும்பு, அதுக்கு 14. 270 டிகிரி வரைக்கும் திருப்பும். ஆனா தலை சாஞ்சே நிக்குது, நேராக்க முடியலைன்னா அது தலையில அடி, உடனே கொண்டு வாங்க.

கேள்வி: தலையைத் தடவினா கண்ணை மூடிக்கிட்டு சொகமா இருக்கு, எங்களை அதுக்குப் புடிச்சிருக்குதானே?

பயத்துல உறைஞ்சு போயிருக்கு. தப்பிக்க வழியே இல்லைன்னு ஆனப்புறம் ஆந்தை அப்படித்தான் அசையாம கண்ணை இடுக்கிக்கும். தடவாதீங்க, போட்டோ எடுக்காதீங்க, பக்கத்து வீட்டுப் புள்ளைங்களைக் கூப்பிட்டுக் காட்டாதீங்க. தெம்பா இருக்குற கூகை தலையைத் தாழ்த்தி ரெண்டு பக்கமும் ஆடிக்கிட்டே உஸ்ஸுன்னு சீறும், மூக்கை டக் டக்குன்னு தட்டும். அப்படி ஒரு பறவை பெட்டியில வந்தா எங்களுக்கு ரொம்ப சந்தோஷம்.

கேள்வி: சென்டருக்கு வந்தப்புறம் என்ன பண்ணுவீங்க?

உடனே ஒண்ணும் பண்ண மாட்டோம். எடை மட்டும் பாத்து இருட்டு ரூம்ல சூடு குடுத்து வெச்சிடுவோம். துணிப்பையில போட்டு தராசுல வெப்போம், ஒரு புள்ளி ஆந்தை நல்லா இருந்தா 110 கிராம் பக்கம் நிக்கும், 80 காட்டுச்சுன்னா எவ்வளவு நாளா சாப்பிடலைன்னு புரிஞ்சிடும். அப்புறம்தான் தோலுக்கு அடியில ட்ரிப்ஸ், எக்ஸ்ரே, கண்ணு பாக்குறது. ரோட்டுல வண்டி அடிச்சு வர்றதுக்கு வெளிய ஒரு கீறல்கூட இருக்காது, ஆனா கண்ணுக்குள்ள லைட் அடிச்சா பின்னாடி ரத்தம் தேங்கி நிக்கும், அதனால கண்ணு பாக்காம எந்த ஆந்தையையும் விட மாட்டோம்.

றெக்கை எலும்பு முறிவு சீக்கிரம் கூடும், மூணு வாரத்துலயே. அதுதான் சிக்கலும். தப்பா கூடுறதும் அதே வேகத்துலதான் கூடும், அதனால யாராவது வீட்டுல வெச்சு குச்சி கட்டி பத்து நாள் கழிச்சு கொண்டு வந்தா எங்க டாக்டரால ஒண்ணும் செய்ய முடியாம போயிடுது. கட்டையும் ரொம்ப நாள் வெக்கக்கூடாது, தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல ஒரு தோல் ஜவ்வு இருக்கு, அது மடங்கியே இருந்தா சுருங்கிப் போயி றெக்கை முழுசா விரியாது. அதனால சில நாளுக்கு ஒரு தடவை மயக்கம் குடுத்து றெக்கையை மெதுவா நீட்டி மடக்கி பயிற்சி குடுப்போம்.

பொங்கல் சமயத்துல, லீவு நாள்ல எல்லாம் அந்த ஜவ்வைத்தான் பட்டம் விடுற மாஞ்சா நூல் அறுக்கும். 2017ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவை நாடு முழுக்கத் தடை பண்ணியும் இன்னும் மரத்துல தொங்குது. ஒரு கூகை வந்துச்சு, நூல் றெக்கையில சுத்தி, அது ராத்திரி முழுக்க உதற உதற உள்ள இறங்கி எலும்பைத் தொட்டிருச்சு. நூல் எவ்வளவு சன்னம்னா டாக்டர் கண்ணாடி போட்டுக்கிட்டு இறகை ஒண்ணொண்ணா ஒதுக்கித் தேடினார், நான் டார்ச் பிடிச்சேன், முழுசா எடுக்க ஒரு மணி நேரம் ஆச்சு. உங்க தெரு மரத்துல நூல் தொங்குறதைப் பாத்தா ஒரு குச்சியால சுத்தி எடுத்துக் குப்பையில போட்டுடுங்க, தயவுசெஞ்சு.

கேள்வி: வீட்டுல எலி மருந்து வெச்சா ஆந்தைக்கு என்ன ஆகும்?

கேக் மாதிரி விக்கிற எலி மருந்து பலதுல ப்ரோமாடையலோன் இருக்கும், ரத்தத்தை உறைய விடாது. எலி தின்ன உடனே சாகாது, சில நாள் ஆகும், அந்த சில நாள்ல தள்ளாடிக்கிட்டு வெட்டவெளியில சுத்தும், ஆந்தைக்கு அதைவிட சுலபமான இரை கிடைக்குமா. விஷம் ஆந்தை ஈரல்ல சேந்துக்கிட்டே போகும். ஒரு நாள் சின்னதா எங்கயோ மோதும், ரத்தம் நிக்காது. வாய்க்குள்ள பாத்தா வெளுத்துப் போயிருக்கும். சீக்கிரம் வந்தா வைட்டமின் கே ஊசி, மாத்திரைன்னு வாரக்கணக்குல குடுத்து காப்பாத்தலாம். லேட்டா வந்தா முடியாது.

பசை அட்டையும் அப்படித்தான். அட்டையில ஒட்டின எலியைப் புடிக்க வந்து ஆந்தையும் ஒட்டிக்கும். அப்படி ஆச்சுன்னா பிச்சு எடுக்காதீங்க, இறகு தோலோட வந்துடும். ஒட்டாம நிக்கிற பசை மேலெல்லாம் மாவு தூவிட்டு அட்டையோடவே கொண்டு வாங்க, இங்க சமையல் எண்ணெய் தடவி கொஞ்சம் கொஞ்சமா பிரிப்போம். எலிப்பொறி வைங்க, அந்தக் காலத்து மரப்பொறியே போதும்.

கேள்வி: ஆந்தைக்கு என்ன சாப்பாடு போடுறீங்க? சிக்கன் பீஸ் போதாதா?

போதாது. முழு எலி, முழு கோழிக்குஞ்சு, எலும்பும் முடியும் குடலும் சேத்து. வெறும் சதை மட்டும் போட்டா கால்சியம் இல்லாம குஞ்சுங்களுக்கு எலும்பு வளையும். கோழிக்கு கழுத்துக்கிட்ட தீனிப்பை இருக்கும்ல, ஆந்தைக்கு அது கிடையாது, முழுங்கினது நேரா வயித்துக்குத்தான் போகும், செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையா திரட்டி வாய் வழியா துப்பிடும். காலையில கூண்டுக்குப் போனதும் நான் மொதல்ல தேடுறது அந்த உருண்டையத்தான். ஈரமா கெட்டியா ஒரு கட்டைவிரல் சைஸ்ல கெடந்தா ராத்திரி எல்லாம் ஒழுங்கா நடந்திருக்குன்னு அர்த்தம். கெடக்கலைன்னா அன்னிக்கி முழுக்க அந்தப் பறவை மேல கண்ணு.

ஒரு கூகைக்கு ஒரு நாளைக்கு மூணு நாலு சுண்டெலி. செலவு ஜாஸ்திதான். புறா மட்டும் கொண்டு வந்து குடுக்காதீங்க, புறா தொண்டையில இருக்குற ஒரு கிருமி ஆந்தை வாயில வெள்ளை வெள்ளையா புண்ணு வர வெச்சிடும், அப்புறம் முழுங்கவே முடியாது.

கேள்வி: நாங்களே வளக்கலாமா? புள்ளைங்க ஆசைப்படுறாங்க.

கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம்ம ஊர் ஆந்தை எதையும் பிடிக்கவோ வெச்சிருக்கவோ கூடாது. சட்டத்தை விடுங்க, அதுக்கு என்ன ஆகும்னு பாருங்க. கண்ணு தெறந்த புதுசுல யாரு முகத்தைப் பாத்து சாப்பிடுதோ அதைத்தான் தன் இனம்னு மனசுல பதிய வெச்சுக்கும். அப்படி மனுசனைப் பதிய வெச்ச ஆந்தை வளந்ததும் இன்னொரு ஆந்தையைப் பாத்து பயப்படும், மனுசனைத் தேடி வரும், ஜோடி சேராது, வெளிய விட்டா யாராவது தோள்ல போயி உக்காரும், அடிச்சே கொன்னுடுவாங்க. அந்த மாதிரி ஒரு கொம்பன் ஆந்தை எங்ககிட்ட இருக்கு, உடம்புல ஒரு குறையும் இல்ல, ஆனா அதுக்கு ஆயுசுக்கும் கூண்டுதான். அதைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு மனசு கனமாயிடும்.

அதனாலதான் குஞ்சு வந்தா நாங்க முகத்தைக் காட்டாம, பேசாம, துணிக்குப் பின்னாடி நின்னு இடுக்கியில ஊட்டுவோம். இன்னும் நல்ல வழி, பெரிய ஆந்தைகிட்டயே விட்டுடுறது. எங்ககிட்ட 27ஆம் நம்பர்னு ஒரு புள்ளி ஆந்தை இருக்கு, ஒரு றெக்கை முட்டிக்கு மேல போயிடுச்சு, இனிமே பறக்காது. ஒரு வருஷம் அனாதைக் குஞ்சு ரெண்டை அது கூண்டுல வெச்சுப் பாத்தோம். மொத நாள் முறைச்சிட்டே இருந்துச்சு. மறுநாள் விடியக்காலம் எட்டிப் பாத்தா சுண்டெலியைக் கிழிச்சு சின்னச் சின்னதா ஊட்டிட்டு இருக்கு, தனக்கு ஒரு வாய் எடுக்காம. அதுல இருந்து ஒவ்வொரு சீசனும் குஞ்சுங்க அதுகிட்டதான்.

கேள்வி: ஆந்தையால மந்திரம் பண்றாங்களாமே, நிஜமா?

நிஜம். தீபாவளி சமயத்துல வடக்குல பலி குடுக்க ஆந்தையை விக்கிறாங்க, ட்ராஃபிக் இந்தியா அமைப்பு 2010லயே இந்த வியாபாரத்தைப் பத்தி விரிவா அறிக்கை போட்டிருக்கு. யாராவது நகம், இறகு, முட்டைன்னு விலை பேசினா வனத்துறைக்குச் சொல்லுங்க.

கேள்வி: வீட்டு மேல அலறினா சாவு வரும்னு பாட்டி சொல்றாங்க, விரட்டிடவா?

பாட்டிகிட்ட கோவப்படாம எடுத்துச் சொல்லுங்க. கூகைக்கு சாவுக்குருவின்னே பேர் வெச்சவங்க நாம. ஆனா சங்கப் பாட்டு ஒண்ணுல ஒரு தோழி ஊர் வாசல் மரத்துக் கூகைகிட்ட, நெய்ச்சோறும் சுட்ட எலிக்கறியும் தரேன், ராத்திரி மட்டும் குழறாம இருன்னு கெஞ்சுவா. அது என்ன திங்கும்னு தெரிஞ்சு, அதோட பேசிப் பழகின ஊரு இது. நெல்லு வயல்ல டி மாதிரி குச்சி நட்டு ஆந்தை உக்கார வழி பண்ற விவசாயிங்க இன்னிக்கும் இருக்காங்க, மலேசியாவுல செம்பனைத் தோட்டங்கள்ல எலிக்காக கூகைக்குப் பெட்டியே செஞ்சு வெக்கிறாங்க. உங்க வீட்டு மேல அது அலறுதுன்னா பக்கத்துல எலி இருக்கு, இல்ல குஞ்சு இருக்கு.

கேள்வி: ஒரு கண்ணு போன ஆந்தையை விட முடியுமா? றெக்கை போனதை?

கண்ணு ஒண்ணு போன கூகைக்கு காது ரெண்டும் நல்லா இருந்தா வாய்ப்பு உண்டு. கூகையோட ரெண்டு காதும் ஒரே உயரத்துல இருக்காது, ஒண்ணு கொஞ்சம் மேல ஒண்ணு கொஞ்சம் கீழ, அந்த வித்தியாசத்தை வெச்சே கும்மிருட்டுல எலி இருக்குற இடத்தை சத்தத்துலயே புடிச்சிடும். இருட்டுக் கூண்டுல தானா இரை பிடிக்குதான்னு ராத்திரி ராத்திரியா பாத்துட்டுதான் முடிவெடுப்போம். ரெண்டு கண்ணும் போனா, மூட்டுலயே நொறுங்கிப் போனா, விட முடியாது. வலியோட ஒரு மூலையில உக்காந்து வருஷக்கணக்குல இருக்கணும்னா வனத்துறைகிட்ட பேசி டாக்டர் ஊசி போட்டு அனுப்பி வெச்சிடுவார். இதை எழுதக் கஷ்டமா இருக்கு, ஆனா கேக்குறவங்களுக்கு உண்மையைச் சொல்லணும். காப்பாத்துறதுன்னா மூச்சு இருக்க வெக்கிறது மட்டும் இல்ல.

கேள்வி: எப்போ, எப்படி வெளிய விடுவீங்க?

எடை சரியா வரணும், பெரிய கூண்டுல இந்த முனையில இருந்து அந்த முனைக்கு மூச்சு வாங்காம பறக்கணும், பறக்கும்போது சத்தம் வரக்கூடாது. ஆந்தை றெக்கையோட முன் ஓரத்து இறகு சீப்பு மாதிரி இருக்கும், அதுதான் சத்தத்தை அடக்கும். அது ஒடஞ்சிருந்தா பறக்கும்போது புஸ் புஸ்ஸுன்னு கேக்கும், எலி ஓடிடும். ஒடஞ்ச இறகுக்குப் பதிலா, செத்துப்போன இன்னொரு கூகையோட இறகை அதே வரிசை பாத்து, மூங்கில் சிம்பு செருகி ஒட்டுறதும் உண்டு. அதுக்காகவே ஒவ்வொரு இறகையும் நம்பர் போட்டு டப்பாவுல வெச்சிருக்கோம்.

பெரிய ஆந்தையை எடுத்த இடத்துலயே விடுவோம், அதோட ஜோடி, பொந்து, வேட்டை பாதை எல்லாம் அங்கதான் இருக்கு, அந்தச் சீட்டு கேட்டது இதுக்குத்தான். பொழுது சாயுற நேரம், காக்கா அடைஞ்சப்புறம், மழை இல்லாத நாள்.

கேள்வி: விட்டதுக்கப்புறம் அது பொழச்சிக்கிச்சான்னு எப்படித் தெரியும்?

பெரிய ஆந்தைன்னா அனேகமா தெரியாது. போயிடும். குஞ்சா வந்து வளந்ததுக்கு மட்டும் ஒரு வழி இருக்கு. விடப்போற இடத்துலயே மரத்துல பெட்டி கட்டி பத்து நாள் அதுல வெச்சு, அப்புறம் ஒரு சாயங்காலம் கதவை மட்டும் தெறந்து விட்டுட்டு வந்துடுவோம், தெனமும் ராத்திரி பெட்டி மேல தட்டுல எலி வெப்போம். வேட்டை பழகுற வரைக்கும் வந்து தின்னுட்டுப் போகும்.

27ஆம் நம்பர் வளத்த மொத ரெண்டு குஞ்சையும் மதுராந்தகம் பக்கம் ஒரு பனந்தோப்புல அப்படித்தான் விட்டோம். மொத வாரம் தட்டு காலியாவே இருந்துச்சு. அப்புறம் ஒரு எலி மிச்சம் இருந்துச்சு. பதினோராவது நாள் வெச்சது ரெண்டும் அப்படியே எறும்பு மொய்ச்சுக் கெடந்துச்சு, மறுநாளும். பெட்டிக்குக் கீழ தரையில பாத்தேன், புதுசா ஒரு உருண்டை. ஒடச்சுப் பாத்தா உள்ள நாங்க வெச்ச வெள்ளை எலியோட முடி இல்ல, வண்டோட ஓட்டுத் துண்டும் வயலெலியோட பழுப்பு முடியும் இருந்துச்சு. தட்டைக் கழட்டி எடுத்துட்டு வந்துட்டோம்.